அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள சேலத்தில் ஆள் கிடைக்குமா?

எல்லோருக்கும் வணக்கம். சேலம் குகையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 79 வயது. நான்கு மாதத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்தும் நடக்கவில்லை. அண்ணன் ஓசூரில் இருந்து பணம் அனுப்புகிறார். மற்றதெல்லாம் நான்தான்.

முப்பது வருடம் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை வைத்த கை அம்மாவுடையது. இப்போதும் தூக்கத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்துக் கோக்கும். பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

போன வாரம் வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. படுக்கைப்புண் ஆரம்பம் என்றார் நர்ஸ். இரவில் அலாரம் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறேன். பகலில் நான் வேலைக்குப் போனால் யார் புரட்டுவது? ஏஜென்சியில் இருந்து வந்த பெண் மூன்றாம் நாளே சொல்லாமல் நின்றுவிட்டார்.

காலை 9 முதல் மாலை 6 வரை, படுத்திருப்பவர்களைப் பார்த்துப் பழகிய பெண் யாராவது குகை, செவ்வாய்பேட்டை, அன்னதானப்பட்டி பக்கம் இருந்தால் சொல்லுங்கள். பொறுமையாகப் பேசுபவராக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சம்பளம் பேசிக்கொள்ளலாம். ஏர் பெட் வாடகைக்குக் கிடைக்குமா, வாங்கிவிடுவதே நல்லதா?

அப்புறம், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். சேலத்தில் அதைப் பெற்றவர்கள் யாரிடம் போய்ப் பதிந்தீர்கள்? அம்மாவை ஒருநாளாவது வாசல் திண்ணையில் உட்கார வைக்க வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.