உட்ஸ் ஹோல் நரம்பணுவியல் பயிற்சி: முன்னனுபவம் வேண்டுமா?

கேள்வி: மாசசூசெட்ஸில் உள்ள உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தின் கோடைக்கால நரம்பணுவியல் பயிற்சிக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். மரபணு நகலாக்கம் நன்கு பழகியது; செல்சவ்வின் வழியே பாயும் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் நுட்பத்தைச் செய்ததில்லை. அது தடையாகுமா?

பதில் 1: தடையாகாது என்றே கருதுகிறேன், கற்றுத்தருவதற்காகவே நடக்கும் பயிற்சி அது. நேஹருக்கும் சாக்மனுக்கும் 1991இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த அந்த நுட்பத்தில், கண்ணாடி நுண்குழாயின் முனையைச் செல்சவ்வில் மெல்லத் தொடவைத்து, இலேசாக உறிஞ்சி, மின்தடை கிகா ஓம் அளவுக்கு உயரும்வரை காத்திருக்கும் பக்குவம், அருகில் ஆசிரியர் இருந்தால்தான் விரைவில் கைவரும்.

பதில் 2: அவர் சொல்வது சரி. உங்கள் ஆய்வுக்கு இந்த அளவீடு ஏன் இன்றியமையாதது என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. அயனிக் கால்வாய் (செல்சவ்வில் அயனிகள் கடந்து செல்லும் புரத வழி) மரபணுவில் நான் செய்த மாற்றம் மின்னோட்டத்தை எப்படி மாற்றுகிறது என்பதையே அளக்க விரும்புகிறேன், அதையே எழுதுகிறேன்.