பஞ்சு பறக்கும் ஊரில் ரெக்கார்ட் பிளேயருக்கு மூடி: வீட்டிலேயே செய்ய முடியுமா?

நூல்கண்டு, திருப்பூர்:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது காரார்ட் 401 என்ற பழைய ரெக்கார்ட் பிளேயர். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்த அப்பா, சீமைக்குத் திரும்பிய மேனேஜர் ஒருவரிடம் வாங்கியது. 401-ஐப் பெட்டியும், ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மும் இல்லாமல், மோட்டாரும் சுழல்தட்டுமாகத்தான் விற்றார்கள். பெட்டியை அவரவர் செய்துகொள்ள வேண்டும். எங்களுடையது உள்ளூர் ஆசாரி செய்த தேக்குப் பெட்டி, ஆர்ம் எஸ்.எம்.இ. 3009. அதனால் இதற்கென்று கம்பெனி மூடி கிடையாது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பனியன் கம்பெனிகள். ஜன்னலைச் சாத்தினாலும் பஞ்சு வந்துவிடுகிறது. காலையில் துடைத்த சுழல்தட்டில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். போன வாரம் ஒரு பக்கம் பாடி முடிவதற்குள் குரல் கம்மிப்போனது. ஊசியைத் தூக்கிப் பார்த்தேன். முனையில் விளக்குத்திரி போலப் பஞ்சு முறுக்கிக்கொண்டு நின்றது. தலைமுடிப் பருமன்கூட இல்லாத பள்ளத்தில் ஓடும் ஊசி அது. மனம் பதறிவிட்டது.

இப்போதைக்கு அப்பாவின் பழைய வேட்டியை மடித்துப் போர்த்தி வைத்திருக்கிறேன். பெட்டியின் மேற்பரப்பு 50 செ.மீ. அகலம், 42 செ.மீ. ஆழம். எதில் செய்யலாம், எப்படி ஒட்டலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கமலம், ஸ்ரீரங்கம்:

முதலில் அந்த வேட்டியை எடுத்துவிடுங்கள், தம்பி. நானும் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தேன். ஒரு நாள் அவசரமாக உருவியபோது துணியின் ஓரம் ஆர்மின் விரல்பிடியில் மாட்டி, ஆர்மையே இழுத்துக்கொண்டு வந்தது. ஊசி தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிட்டது. புது ஊசி வந்து சேரும்வரை ஒரு தட்டும் கேட்க முடியவில்லை. போதாததற்கு வேட்டியே நூல் பிசிறு விடும். கருவியைத் தொடாமல் எழுந்து நிற்கும் மூடிதான் வேண்டும்.

பலகைக்கடை, மதுரை:

அம்மா சொல்வது முற்றிலும் சரி. நான் 22 ஆண்டுகளாகக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கை வெட்டி ஒட்டுவதுதான் அன்றாட வேலை. என் வீட்டு ரெக்கார்ட் பிளேயருக்கும் நானே மூடி செய்திருக்கிறேன்.

பெட்டியை அளந்தால் போதாது தம்பி, ஆர்மை அளக்க வேண்டும். நெம்புகோலால் ஆர்மைத் தூக்கி நிறுத்திவிட்டு, பெட்டியிலிருந்து அதன் உச்சி எவ்வளவு உயரம் என்று பாருங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ஆர்மைத் தட்டின் நடுவரை கையால் நகர்த்துங்கள். முன்பக்கம் இடதுபுறம் போகும்போது, எதிர் எடை இருக்கும் வால் வலதுபுறம் வெளியே வரும். நிறுத்திய பிறகுதானே மூடப்போகிறோம் என்று நினைக்காதீர்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் யாராவது ஒரு நாள் மூடிவிடுவார்கள். எந்த நிலையிலும் 1 செ.மீ. இடைவெளி வேண்டும்.

4 மி.மீ. தெளிவான அக்ரிலிக் போதும். மேலே ஒன்று, பக்கங்களுக்கு நான்கு. பக்கப் பலகைகள் பெட்டிக்கு வெளியே 1 செ.மீ. கீழிறங்கட்டும், அப்போது மூடி நகராது. உள்ளே நான்கு மூலையிலும் முக்கோணத் துண்டு ஒட்டி, அதன் அடியில் ஃபெல்ட் துணி வையுங்கள். மூடியின் பாரத்தை அவை தாங்கிக்கொள்ளும்.

லேசரில் வெட்டித் தருகிறோம் என்பார்கள். விளிம்பு பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் விளிம்புக்குள் இறுக்கம் தங்கிவிடும், ஒட்டுவதற்கு விடும் குளோரோஃபார்ம் பட்டதும் மயிரிழை விரிசல்கள் ஓடும். ரம்பத்தில் அறுத்து வாங்கி, மரக்கட்டையில் சுற்றிய 400-ஆம் எண் உப்புத்தாளில் விளிம்பை மட்டமாகத் தேயுங்கள். விளிம்பை உருட்டிவிடாதீர்கள்.

ஒட்டுவது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. ஓரத்தில் மட்டும் பாதுகாப்புத் தாளை உரித்து, இரண்டு பலகையையும் மூலைமட்டம் வைத்து நிறுத்துங்கள். சிரிஞ்சில் சிறிது குளோரோஃபார்ம் எடுத்து மூட்டின் உட்புறமாக இழுத்துக்கொண்டே போங்கள். திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல மூட்டே அதை உள்ளே இழுக்கும். வெள்ளையாகத் தெரிந்த கோடு தெளிந்து மறைந்தால் பிடித்துவிட்டது என்று பொருள். ஒரு நாள் முழுக்க அசைக்காதீர்கள். இதைத் திறந்த மொட்டைமாடியில்தான் செய்ய வேண்டும். அந்த ஆவியை மூச்சில் இழுக்கக் கூடாது, குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

ஆழிமீன், தூத்துக்குடி:

என் யோசனை கண்ணாடி. மீன் தொட்டி செய்பவரிடம் கொடுத்தால் சிலிக்கான் வைத்து ஒரே நாளில் ஒட்டித் தருவார். கீறல் விழாது. அக்ரிலிக்கைத் துடைக்கத் துடைக்கத் தூசி வந்து ஒட்டிக்கொள்கிறதே!

பலகைக்கடை, மதுரை:

நண்பரே, எடையைப் பாருங்கள். நான் சொன்ன அக்ரிலிக் மூடி 2 கிலோவுக்குச் சற்று மேல் வரும். அதே கனத்தில் கண்ணாடி அதைப்போல இரண்டு மடங்கு. தினமும் இரண்டு கையால் ஆர்முக்கு மேலே தூக்கி இறக்க வேண்டிய பொருள்; ஈரக் கையிலிருந்து நழுவினால் என்ன ஆகும்? புளிப்பு வாடை வரும் சிலிக்கான் முழுதாகக் காய்வதற்குள் மூடிவிட்டால், அந்த ஆவி உலோகத்தையும் அரிக்கும்.

தூசி ஒட்டுவது உண்மைதான், அதற்குக் காரணம் உலர்ந்த துணி. தேய்க்கும்போது மின்னூட்டம் ஏறுகிறது. பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு கலந்த நீரில் மென்துணியைப் பிழிந்து ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட்டும் கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டவே வேண்டாம், அக்ரிலிக்கில் விரிசல் விழும். மூடியை ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். மூடிய பெட்டிக்குள் சூடு ஏறினால் சுழல்தட்டில் விட்ட இசைத்தட்டு வளைந்துவிடும்.

நூல்கண்டு, திருப்பூர்:

மூடி ஆகிவிட்டது! பலகைக்கடை ஐயா, நீங்கள் சொன்னபடி ஆர்மை நகர்த்திப் பார்த்தேன். நடுவில் வரும்போது வால் பெட்டியின் வலது விளிம்புக்கு 2 செ.மீ. அருகில் வந்து நிற்கிறது. உட்புறமாக 2 செ.மீ. மரச்சட்டம் அடித்து அதன்மேல் மூடியை வைக்கலாம் என்று ஆசாரி சொல்லியிருந்தார். அப்படிச் செய்திருந்தால் வால் சட்டத்தில் இடித்திருக்கும். இப்போது உட்புற உயரம் 13 செ.மீ., ஆர்மைத் தூக்கினாலும் தட்டவில்லை.

10 நாள் ஆகிறது. மூடியின் மேலே பஞ்சு படர்கிறது, உள்ளே சுழல்தட்டின் கருப்பு கருப்பாகவே இருக்கிறது. நேற்று இரவு அம்மாவும் நானும் ஒரு தட்டின் இரண்டு பக்கமும் கேட்டோம். முடிந்ததும் டார்ச் அடித்து ஊசியைப் பார்த்தேன், ஓர் இழைகூட இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். பின்பக்க மூட்டில் விரல் நீளத்துக்குக் குமிழிகள் நின்றுவிட்டன. மறுபடி குளோரோஃபார்ம் விடலாமா?

பலகைக்கடை, மதுரை:

வேண்டாம் தம்பி. மற்ற இடமெல்லாம் பிடித்திருந்தால் அந்தக் குமிழியால் மூட்டு விடாது. இப்போது ஊற்றினால் வழிந்து தெளிவான பலகையில் வெள்ளைத் தழும்பு விழும், அதை எடுக்கவே முடியாது.