ஹோஸ்ட் ஃபேமிலி வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அஞ்சு நாள் ஊர் சுத்தலாமா?

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் ஜெர்மனி வர்றேன், பாஸாவ்ல ஒரு குடும்பத்தோட ஆறு மாசம் தங்கி ஜெர்மன் கோர்ஸ் படிக்கணும். ஃபிராங்க்ஃபர்ட்ல இறங்கி வழியில பழைய ஊரெல்லாம் பாத்துட்டு போகலாம்னு ஆசை. கையில ரெண்டு பெட்டி, 46 கிலோ. சரிப்படுமா?

——

தம்பி, தாராளமா பாத்துட்டு போ, ஆனா அந்த 46 கிலோவ இழுத்துக்கிட்டு ஊர் ஊரா போகாத. நான் அப்படித்தான் போனேன். பழைய ஊர்ல தெரு பூரா கருங்கல்லு பதிச்சிருப்பாங்க, போட்டோல பாக்க அழகு, பெட்டிக்கு எமன். வுர்ட்ஸ்பர்க்ல ஹாஸ்டலுக்கு நடந்து போறதுக்குள்ள ஒரு சக்கரம் புட்டுக்கிச்சு, அப்புறம் நாலு ஊருக்கும் அத நொண்டியடிச்சு இழுத்துட்டுப் போனேன். நீ நியூரம்பர்க்ல ஒரே ரூம் நாலு நாளைக்குப் போட்ரு, பெட்டிய அங்க வச்சிட்டு காலையில போய் ராத்திரி வந்துரு, ரோட்டன்பர்க், பாம்பர்க் எல்லாம் அங்கருந்தே போயிட்டு வரலாம்.

டிக்கெட்டுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் எடு. 2023ல ஆரம்பிச்சப்ப மாசம் 49 யூரோ, 2025ல 58 ஆக்குனாங்க, 2026ல இருந்து 63. நாடு பூரா லோக்கல் ட்ரெயின், பஸ், ட்ராம் எல்லாம் ஏறலாம், ஐசிஇ மாதிரி ஃபாஸ்ட் ட்ரெயின்ல மட்டும் ஏறிராத, ஃபைன் போட்ருவாங்க. இது சந்தா, தானா முடியாது, வேணாம்னா அந்த மாசம் 10ம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும். பண்ணாட்டி அடுத்த மாசத்துக்கும் காசு போயிரும், எனக்குப் போச்சு.

ரோட்டன்பர்க்கு ரெண்டு ட்ரெயின் மாறணும், கடைசியா ஸ்டைனாக்ல மாறுவ. கடைத்தெருவுல கூட்டம் நெரியும், அங்க நேரத்த வீணாக்காம கோட்டை மதில் மேல ஏறிரு, காசு கிடையாது, மேல கூரை போட்டிருக்கும், மழை பெஞ்சாலும் நடக்கலாம். 1945 மார்ச் 31 குண்டுவீச்சுல மதில்ல ஒரு பகுதி இடிஞ்சு போச்சு, திரும்பக் கட்ட பணம் குடுத்தவங்க பேர கல்லுல பொறிச்சு வச்சிருக்காங்க, ஜப்பான்காரங்க பேரு கூட இருக்கு. நம்ம ஊர் கோயில் ட்யூப்லைட்ல உபயம்னு எழுதுவோம்ல, அதேதான். எனக்கு சிரிப்பு தாங்கல. நியூரம்பர்க்கும் குண்டுவீச்சுல அப்படித்தான், அதே வருஷம் ஜனவரி 2ம் தேதி ராத்திரி பழைய டவுன்ல முக்காவாசிக்கு மேல தரைமட்டம், இப்ப பாக்குற பழசுல நிறைய அதுக்கப்புறம் கட்டுன பழசு.

பாம்பர்க்ல ஆத்துக்கு நடுவுல நிக்கிற பழைய ரத்தவுஸ், அதான் டவுன்ஹால், அத மட்டும் பாத்தாலே போதும்.

கடைசி நாள் ரேகன்ஸ்பர்க் வழியா பாஸாவ். ரேகன்ஸ்பர்க் ஸ்டேஷன் லாக்கர்ல பெட்டிய போட்டுட்டு டான்யூப் மேல இருக்குற கல்பாலத்துல நடந்துட்டு வா, 12ம் நூற்றாண்டு பாலம். லாக்கருக்கு சில்லறை காசு வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமையா இருந்தா முன்னாடியே சாப்பாடு வாங்கி வச்சுக்கோ, கடை எல்லாம் மூடியிருக்கும்.

பாஸாவ்ல மூணு ஆறு சேருது, டான்யூப், இன், இல்ஸ். ரத்தவுஸ் சுவத்துல எந்த வருஷம் வெள்ளம் எவ்வளவு உசரம் வந்துச்சுன்னு கோடு போட்டிருக்கும், 2013 கோட்ட அண்ணாந்துதான் பாக்கணும், 12.89 மீட்டர், 1501க்கு அப்புறம் அவ்வளவு தண்ணி அப்பதான். நான் அத பாத்துட்டுதான் என் ஹோஸ்ட் வீட்டுக்குப் போனேன். முத நாள் ராத்திரி டேபிள்ல என்ன பேசுறதுன்னு தெரியாம முழிச்சுட்டு இருந்தப்ப அரைகுறை ஜெர்மன்ல அந்த வெள்ளத்தப் பத்திக் கேட்டேன் பாரு, ஹோஸ்ட் அம்மா எந்திரிச்சுப் போய் ஒரு ஆல்பமே எடுத்துட்டு வந்துட்டாங்க, கீழ் வீடு பூரா சேறு. அன்னைக்கே பழகிட்டோம்.

ட்ரெயின் லேட் ஆனா உடனே மெசேஜ் போடு, பத்து நிமிஷம்னாலும். நான் ஒரு மணி நேரம் லேட், சொல்லாம போய் நின்னேன், பாவம் ஸ்டேஷன்ல குளிர்ல நின்னுட்டு இருந்தாங்க. ராத்திரி சூடா சோறு எதிர்பாக்காத, ரொட்டி சீஸ்தான் வரும், கோவம்னு நினைச்சுக்காத.

——

ரொம்ப நன்றிக்கா. கிஃப்ட்டா பால்கோவா கொண்டு வரலாமா?

——

வேணாம்டா, பால், நெய், கறி எதுவும் நம்ம ஊர்ல இருந்து இங்க கொண்டு வரக்கூடாது, கஸ்டம்ஸ்ல எடுத்துப் போட்ருவாங்க. கோவில்பட்டி கடலைமிட்டாய் கொண்டு வா. யாருக்கும் கடலை அலர்ஜி இல்லையான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோ. அப்புறம் அவங்க வீட்ல யாருக்காவது பொறந்தநாள் வருதுன்னா முன்கூட்டியே வாழ்த்து சொல்லிராத, இங்க அது அபசகுனம். போய் சேந்ததும் வோனுங்ஸ்கேபர்பெஸ்டேடிகுங், அதாவது நீ அங்க தங்கியிருக்கன்னு வீட்டுக்காரங்க கையெழுத்து போட்ட பேப்பர், அத வாங்கி ரெண்டு வாரத்துக்குள்ள ஊர் ஆபீஸ்ல உன் அட்ரஸ ரெஜிஸ்டர் பண்ணிரு. அந்தப் பேர வாயில நுழைய வைக்க எனக்கே ரெண்டு மாசம் ஆச்சு.