கேமராவின் மீட்டர் எதைப் பார்க்கிறது? புதிதாகப் படமெடுக்கப் பழகிய இருவரின் அனுபவங்கள்

வேடந்தாங்கல் ஏரிக்கரையிலிருந்து:

டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்தக் கரையில் நின்றால், புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்வது காதில் விழும். கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகப் பதிகிறது, இறகின் வரி ஒன்றுகூடத் தெரியவில்லை என்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முக்காலியுடன் நின்ற பெரியவர் ஒருவர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கொக்கை விடுங்க, பின்னாடி இருக்கிற மரத்தைப் பாருங்க. மீட்டர் அதைத்தான் பார்க்குது" என்றார். காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணியே கேமராவின் மீட்டர் ஒளியை அளக்கிறது. ஆகவே படச்சட்டத்தின் பெரும்பகுதி கரும்பச்சையாக இருந்தால் அதை வெளுக்க முயன்று, சிறிதாகத் தெரியும் வெள்ளைப் பறவையைப் பொசுக்கிவிடுகிறது. படத்தின் வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 அளவுக்குக் குறைத்ததும் இறகுகள் தெரிந்தன. அதே கொக்கு வெளிறிய வானத்தில் பறக்கும்போது நிலைமை தலைகீழாகி, பறவை இருண்டு போகும் என்பதால் பிளஸ் 1 வரை ஏற்ற வேண்டியிருக்கும். இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம், விலையுயர்ந்த லென்ஸை விட எனக்கு அதிகம் உதவியது. ஷட்டர் வேகத்தைப் பொறுத்தவரை, சங்குவளை நாரை மெதுவாகச் சிறகடிப்பதால் 1/1000 நொடியே பெரும்பாலும் போதும், மீன்கொத்திக்குப் போதாது.

மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து:

மேலே எழுதியவர் ஒளியைப் பறவைகளை வைத்துக் கற்றார், நான் மனித முகங்களில் கற்றேன். 50 மி.மீ. லென்ஸைப் பலரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் அளவில் சிறிய ஏபிஎஸ்-சி வகைச் சென்சாரில் அது ஏறத்தாழ 75 மி.மீ. போலக் காட்சியை நெருக்கிக் காட்டுவதால், நெரிசலான தெருவில் பின்னால் நகர இடமிருக்காது. 35 மி.மீ. எனக்கு ஒத்துவந்தது. பூ விற்கும் அம்மா ஒருவரிடம் அனுமதி கேட்டு, உச்சிவெயிலில் படமெடுக்க முனைந்தபோது, "வெயிலைப் பார்க்கச் சொல்லாதம்மா, கண்ணு கூசுது" என்று அவர் சலித்துக்கொண்டு, கடையோரப் பந்தலின் விளிம்புக்கு நகர்ந்தார். கண்குழிகளில் விழுந்திருந்த கரிய நிழல் உடனே மறைந்து, எதிர்ச் சுவரின் சுண்ணாம்பு வெள்ளையில் பட்டுத் திரும்பிய ஒளி முகம் முழுவதும் பரவியது. அன்று முதல் ஆளைப் பார்ப்பதற்கு முன் நிழலின் விளிம்பைத் தேடுகிறேன். கைப்பேசியிலும் இதே முறை பலிக்கும். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் மட்டும் யாரையும் நிறுத்தாதீர்கள்: முகத்திலும் நீலம் ஏறிவிடும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்து, நிறச்சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை மாற்றினாலும் தோலின் நிறம் முழுமையாகத் திரும்புவது கடினம்.