90 புள்ளி எடுத்தும் மேலே போக முடியவில்லை: லீட்ஸ் தோல்விக்கு யார் பொறுப்பு?

வெள்ளைச்சட்டை:

ஹைலைட்ஸ் பக்கமே போகவில்லை, இனி போகவும் மாட்டேன், ஆனால் பேசாமலும் இருக்க முடியவில்லை. 2024 சாம்பியன்ஷிப் (இங்கிலாந்து கால்பந்தின் இரண்டாவது டிவிஷன்) பிளே-ஆஃப் ஃபைனல், வெம்ப்லி: சவுத்தாம்ப்டன் 1, லீட்ஸ் 0. முதல் இரண்டு டீம் நேராக பிரீமியர் லீக் போய்விடும், மீதி ஒரு இடத்துக்கு மூன்று முதல் ஆறாவது வரை வந்தவர்கள் மோதுவதுதான் பிளே-ஆஃப்; மூன்றாவதாக வந்த நாம் அதிலும் தோற்றோம். 24வது நிமிடத்தில் ஸ்மால்போன் ஒரு பாஸ் கொடுத்தார், ஆடம் ஆம்ஸ்ட்ராங் ஓடிவந்து தாழ்வாக அடித்தார், முடிந்தது. அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நம்மிடம் இருந்தது. 84வது நிமிடத்தில் டான் ஜேம்ஸ் அடித்தது பாரில் பட்டுத் திரும்பியது. அது ஒன்றைத் தவிர அவர்கள் கோல்கீப்பர் மெக்கார்த்தி பயப்படுகிற மாதிரி நாம் என்ன செய்தோம் என்று யாராவது சொல்லுங்கள்.

பத்து நாளுக்கு முன்னால் இதே டீம்தான் அரையிறுதியில் நாரிச்சை 4-0 என்று துவைத்தது. க்ரூவ் ஃப்ரீகிக்கில் ஆரம்பித்து பிரூ, ரட்டர், சம்மர்வில் என்று ஆளுக்கு ஒரு கோல். அந்த வேகம் வெம்ப்லிக்குப் போகும் வழியில் எங்கே காணாமல் போனது?

என் கேள்வி இரண்டு. இது பதற்றமா, மேனேஜர் ஃபார்க்கே செய்த தவறா, இல்லை நமக்கும் பிளே-ஆஃபுக்கும் ராசியே கிடையாதா? 1987, 2006, 2008, 2009, 2019, இப்போது 2024. ஆறு முறை போய் ஆறு முறையும் வெறுங்கையோடு வந்திருக்கிறோம். இரண்டாவது, 46 மேட்ச் ஆடி 90 புள்ளி எடுத்த டீம், 87 எடுத்த டீமிடம் ஒரே மேட்சில் தோற்றதற்காக இன்னொரு வருடம் கீழேயே கிடக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

ஓரக்கோடு:

வெம்ப்லியை விடுங்கள் ப்ரோ, நாம் கோட்டை விட்டது ஏப்ரலில்.

ஏப்ரல் 1 அன்று ஹல் சிட்டியை 3-1 என்று ஜெயித்தபோது நம்மிடம் 86 புள்ளி, முதலிடத்தில் இருந்த இப்ஸ்விச்சிடம் 87, இன்னும் ஆறு மேட்ச் பாக்கி. புத்தாண்டிலிருந்து அதுவரை லீக்கில் ஒரு மேட்ச் கூடத் தோற்கவில்லை. அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள்: கவென்ட்ரியிடம் 2-1 தோல்வி, நம் சொந்த மைதானமான எல்லண்ட் ரோடில் சண்டர்லாண்டோடு 0-0, அதே எல்லண்ட் ரோடில் பிளாக்பர்னிடம் 1-0 தோல்வி, மிடில்ஸ்பரோவில் தட்டுத்தடுமாறி 4-3 வெற்றி, கியூபிஆரிடம் 4-0 என்று செம அடி, கடைசி நாளில் இதே சவுத்தாம்ப்டனிடம் 2-1. பதினெட்டு புள்ளிக்கு நாலு.

இப்ஸ்விச்சும் அந்த ஆறு மேட்சில் ஒன்றும் பறக்கவில்லை. நாரிச்சிடம் தோற்று, மூன்று டிரா வாங்கி, 9 புள்ளிதான் தேற்றினார்கள். நாம் 10 எடுத்திருந்தால் இரண்டு பேருக்கும் 96, கோல் வித்தியாசம் நமக்குத்தான் சாதகம், நேராக மேலே போயிருக்கலாம். பிளே-ஆஃப் என்ற பேச்சே வந்திருக்காது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. மேலே போன லெஸ்டர், இப்ஸ்விச் இரண்டையும் இந்த சீசனில் அவர்கள் மண்ணிலும் ஜெயித்தோம், நம் மண்ணிலும் ஜெயித்தோம். இப்ஸ்விச்சை டிசம்பரில் 4-0 என்று அனுப்பி வைத்தோமே, அந்த டீம் போன சீசன் வரை மூன்றாவது டிவிஷனான லீக் ஒன்னில் இருந்தது, இப்போது பிரீமியர் லீக் போகிறது. சவுத்தாம்ப்டனிடம் மட்டும் செப்டம்பரில் 3-1, மே மாதம் 2-1, இப்போது 1-0. மூன்று மேட்ச், மூன்று தோல்வி. இதற்கு ராசி என்று பெயர் வைத்துவிட்டால் மேனேஜர் தப்பித்துக்கொள்வார். பந்தைக் கால்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நாம் பந்தைப் பறிக்க முன்னால் ஏறி வரும்வரை காத்திருந்து, பின்னால் காலியாகும் இடத்தில் ஓட ஆள் வைக்கிற டீம் அது. மூன்றாவது முறையும் அதே பள்ளத்தில் விழுந்தால் எதிராளியைக் குறை சொல்ல முடியாது.

சும்மா_ஒருத்தன்:

ராசியாவது மண்ணாவது. கோல் போடவில்லை, தோற்றோம். சம்மர்வில்லுக்கு சாம்பியன்ஷிப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது கொடுத்தார்கள், அவரிடம் பந்து போகும்போதெல்லாம் இரண்டு பேர் வந்து நின்றார்கள், மீதி ஒன்பது பேர் அதை வேடிக்கை பார்த்தார்கள். நேற்றே ஃபார்க்கேவை அனுப்பியிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

@சும்மா_ஒருத்தன், நேற்று அனுப்பிவிட்டு இன்று யாரைக் கூப்பிடுவீர்கள்? சாம்பியன்ஷிப்பை இரண்டு முறை ஜெயித்த மேனேஜர் அவர், 2019லும் 2021லும், நாரிச்சோடு. அங்கேயும் முதல் சீசனில் 14வது இடம்தான், இரண்டாவது சீசனில்தான் சாம்பியன். இங்கே முதல் சீசனிலேயே 90 புள்ளி. பிரீமியர் லீக் போனால் அவர் தாங்குவாரா என்பது வேறு விஷயம், நாரிச்சில் இரண்டு முறை முயன்றும் அது நடக்கவில்லை. ஆனால் இந்தப் படியிலிருந்து ஏறுவதற்கு அவரைவிட நல்ல ஆள் சுலபமாகக் கிடைக்க மாட்டார்.

நியாயம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 90 புள்ளியோடு இங்கேயே மாட்டிக்கொண்டது நாம் முதல் ஆள் இல்லை. 1998ல் சண்டர்லாண்ட் இதே 90 புள்ளி, இதே மூன்றாவது இடம். ஃபைனலில் சார்ல்டனோடு 4-4, அப்புறம் பெனால்டியில் 7-6 என்று தோல்வி. அவர்களுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்த மெண்டோன்கா சண்டர்லாண்டிலேயே பிறந்தவர், அந்த வயிற்றெரிச்சலை யோசித்துப் பாருங்கள். அடுத்த சீசன் அதே சண்டர்லாண்ட் 105 புள்ளியோடு சாம்பியன்.

அப்புறம் ஒரு விஷயம், இது பலருக்குப் பிடிக்காது. 2006ல் நாம் ஐந்தாவது இடம், ஃபைனலில் நம்மை 3-0 என்று அடித்த வாட்ஃபோர்ட் மூன்றாவது இடம். 2008ல் லீக் ஒன்னிலும் அதே கதை, நாம் ஐந்தாவது, டான்காஸ்டர் மூன்றாவது. அந்த இரண்டு ஃபைனலையும் நாம் ஜெயித்திருந்தால் "மூன்றாவது வந்த டீமுக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று நம்மில் யாராவது எழுதியிருப்போமா? நான் எழுதியிருக்க மாட்டேன், கொண்டாடியிருப்பேன்.

வெள்ளைச்சட்டை:

அண்ணே, கொண்டாடியிருப்போம்தான், அதனால் முறை சரி என்று ஆகிவிடுமா? மூன்றாவது வந்த டீமுக்கு ஆறாவது வந்த டீமைவிட என்ன சலுகை கிடைக்கிறது? அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் சொந்த மைதானத்தில், அவ்வளவுதான். நாரிச் 73 புள்ளி, நமக்கும் அவர்களுக்கும் நடுவில் 17 புள்ளி. அந்தப் பதினேழுக்கு மதிப்பு அவ்வளவுதானா? ஃபைனலாவது மேலே வந்த டீமின் மைதானத்தில் வைக்கலாமே. பொது மைதானம் என்றதும் ஆகஸ்டிலிருந்து ஆடியதெல்லாம் கணக்கிலேயே இல்லாமல் போய்விடுகிறது.

கணக்குப்பிள்ளை:

அது நியாயமான வாதம், மறுக்கவில்லை. ஆனால் வெம்ப்லியில் எண்பத்தைந்தாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டத்தை அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தவிர, கடைசி நாளில் சவுத்தாம்ப்டன் நம்மை ஜெயித்ததே எல்லண்ட் ரோடில்தான், அதையும் மறக்க வேண்டாம்.

பழைய_ஸ்கார்ஃப்:

ராசி என்று தம்பி சொன்னதால் எழுதுகிறேன். பிளே-ஆஃப் முறையே 1986-87 சீசனில்தான் வந்தது, வந்த முதல் வருடமே மாட்டியது நாம்தான். அப்போது மேல் டிவிஷனிலிருந்து ஒரு டீமும் அதில் ஆட வேண்டும், அப்படி வந்தது சார்ல்டன். இரண்டு ஆட்டத்திலும் முடிவு வரவில்லை, பொது மைதானத்தில் மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள். கூடுதல் நேரத்தில் ஷெரிடன் ஃப்ரீகிக்கில் கோல் போட்டு 1-0. இன்னும் சில நிமிடம் தாங்கினால் போதும். சார்ல்டனின் டிஃபெண்டர் ஷர்ட்லிஃப் வந்து இரண்டு கோல் போட்டார். டிஃபெண்டர்! அதே வருடம் எஃப்ஏ கப் அரையிறுதியிலும் கூடுதல் நேரத்தில்தான் தோற்றோம்.

2019 இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும், விவரம் எழுத எனக்கே தெம்பு இல்லை. டார்பி மைதானத்தில் 1-0 என்று ஜெயித்துவிட்டு வந்து, சொந்த மண்ணிலும் முதல் கோல் போட்டு, மொத்தத்தில் 2-0 என்று முன்னால் நின்றோம். அங்கிருந்து அந்த ஆட்டத்தில் 4-2 என்று தோல்வி. டார்பியின் மேரியட் அவர்கள் முதல் கோலை அடித்தபோது நம் கோல்கீப்பரும் கேப்டனும் பந்தை யார் எடுப்பது என்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் விழாத குறை. அந்த இரவோடு ஒப்பிட்டால் இந்த ஃபைனல் எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. மந்தமாக ஆடினோம், தோற்றோம். ஜெயிக்கவேண்டியதைத் தொலைத்தால்தான் மனது ஆறாது.

ஆனால் பாருங்கள், 2009ல் மில்வாலிடம் அரையிறுதியில் தோற்றோம், 2010ல் பிளே-ஆஃப் இல்லாமல் நேராக மேலே போனோம். 2019ல் டார்பியிடம் தோற்றோம், 2020ல் அப்போதைய மேனேஜர் பியெல்சா 93 புள்ளியோடு சாம்பியன் ஆக்கினார். எனவே அடுத்த வருடம்…

ஓரக்கோடு:

@பழைய_ஸ்கார்ஃப் அண்ணே, 2006ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? வாட்ஃபோர்டிடம் தோற்ற அடுத்த சீசனே கடைசி இடம், திவால் நிர்வாகம், பத்து புள்ளி வெட்டு, நேராக லீக் ஒன். அதற்கடுத்த சீசனை மைனஸ் 15ல் ஆரம்பித்தோம். நமக்குச் சாதகமான வருடங்களை மட்டும் எண்ணினால் எல்லாமே நல்ல சகுனம்தான்.

பழைய_ஸ்கார்ஃப்:

தம்பி, நல்ல நாளில் நினைவுபடுத்தினாய். மைனஸ் 15ல் ஆரம்பித்தும் ஃபைனல் வரை போனோம் என்பதையும் சேர்த்துச் சொல்.

வரவு_செலவு:

எல்லோரும் பந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த ஒரு மேட்சின் மதிப்பு குறைந்தது 14 கோடி பவுண்ட் என்பது டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனத்தின் கணக்கு, மேலே போய் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் அது இரண்டு மடங்குக்கும் மேல். தொலைக்காட்சி உரிமைப் பணம்தான் அதில் பெரும்பங்கு. நமக்கு அது கிடைக்கவில்லை. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியதற்கான பாராசூட் பணம் இன்னும் இரண்டு வருடம் வரும், ஆனால் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வரும். செலவு அப்படிக் குறையாது.

அதனால் யாரையாவது விற்றே தீர வேண்டும், அதுவும் ஜூன் 30க்குள் ஒரு பெரிய விற்பனை இருந்தால்தான் நஷ்ட வரம்பு விதிக்குள் கணக்கை முடிக்க முடியும். யாரை? சம்மர்வில் கண்டிப்பாகக் கையை விட்டுப் போவார். ரட்டருக்கும் ஆள் வருவார்கள். எனக்குப் பயம் ஆர்ச்சி கிரே. 18 வயது, நம் அகாடமியிலேயே வளர்ந்த பையன், கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து என்று சொல்லாத குறை, தாத்தா ஃபிராங்க், அப்பா ஆண்டி, தாத்தாவின் அண்ணன் எடி என்று எல்லோருமே இந்தச் சட்டை போட்டவர்கள். அகாடமிப் பையனை வாங்கிய செலவு பூஜ்யம், எனவே விற்கிற தொகை முழுக்க லாபமாக எழுதலாம். விதியை எழுதியவர்கள் நோக்கம் என்னவோ, நடப்பது என்னவென்றால் எந்தப் பையனை விற்கவே கூடாதோ அவனை விற்பதுதான் கணக்குக்கு ரொம்ப வசதி. எனக்கு இந்தத் தோல்வியில் ஆம்ஸ்ட்ராங் அடித்த கோலைவிட இதுதான் கசக்கிறது.

சும்மா_ஒருத்தன்:

கிரேயை விற்றால் நான் சந்தாவை நிறுத்திவிடுவேன்.

வரவு_செலவு:

போன வருடம் இறங்கியபோதும் இதையேதான் சொன்னீர்கள் :)

வெள்ளைச்சட்டை:

சரி, ஏப்ரல்தான் காரணம் என்பதை ஒத்துக்கொள்கிறேன், பதினெட்டுக்கு நாலு என்று எழுதிப் பார்த்தால் வேறு எதையும் பேச வாய் வரவில்லை. ஆனால் ஃபார்க்கே விஷயத்தில் கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. ஸ்ட்ரைக்கர் பாம்ஃபோர்ட் காயம், டிஃபெண்டர் ஸ்ட்ரைக் (Struijk) ஜனவரியிலிருந்தே இல்லை, நடுக்களத்து அம்பாடுவை டிஃபென்ஸுக்கு இழுக்க வேண்டியதாயிற்று, எல்லாம் தெரியும். இருந்தாலும் எதிரணி பின்னால் இறங்கி உட்கார்ந்தால் நமக்கு இருக்கிற ஒரே வழி இரண்டு பக்கத்து விங்கர்களிடமும் பந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. பிளாக்பர்னுக்கு எதிராகவும் அதே, ஃபைனலிலும் அதே. விங்கர்களையும் விற்கப்போகிறோம் என்றால் அடுத்த சீசன் யாரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்?

கணக்குப்பிள்ளை:

அதுதான் சரியான கேள்வி. பணம் வந்தால் முதலில் நடுக்களத்திலிருந்து பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி பகுதிக்குள்) ஓடிப்போய் கோல் போடுகிற ஒரு ஆள், இரண்டாவதாக பாக்ஸுக்குள் நின்று சண்டை போடுகிற ஸ்ட்ரைக்கர். பிரூ பந்தைச் சுத்தமாக அடிக்கிற ஆள், ஆனால் இரண்டு சென்டர்-பேக்குகளுக்கு நடுவில் தனியாக விட்டால் பந்து வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. விங்கர் கிடைப்பது கஷ்டமில்லை.

ஓரக்கோடு:

எல்லாவற்றுக்கும் முன்னால் ரோடன். டாட்டன்ஹாமிலிருந்து லோனில் (கடனாக) வந்தவர், வருடம் முழுக்க டிஃபென்ஸைத் தாங்கியது அவர்தான், லோன் முடிந்துவிட்டது. கிரேயை டாட்டன்ஹாமே கேட்டு வந்தால் ரோடனைச் சேர்த்துக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டியதுதான்.

வரவு_செலவு:

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் ப்ரோ, அவர்கள் படித்துவிடப் போகிறார்கள்.