படுத்தால் கால்வலி, உட்கார்ந்தால் இல்லை: இது டிஸ்க்தானா?

லாரிக்காரன்_ஈரோடு:
வயது 44. எட்டு மாதமாக வலது பிட்டத்தில் ஆரம்பித்து கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிறது. எக்ஸ்ரே பார்த்து டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துவது) என்றார்கள். பெல்ட், டிராக்‌ஷன் (எடை கட்டி இடுப்பை இழுப்பது), மாத்திரை எல்லாம் ஆயிற்று. விசித்திரம் என்னவென்றால், வண்டியில் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் தாங்குகிறது, கட்டிலில் ஒரு மணி நேரம் படுக்க முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறேன். யாருக்காவது இப்படி இருந்ததா?

நாற்காலித்_தூக்கம்:
அண்ணா, என் பெயரைப் பாருங்கள், சும்மா வைக்கவில்லை. எனக்கும் அதே கதைதான். ஒன்றரை வருடம் டிஸ்க்குக்கு வைத்தியம் பார்த்தேன். டிஸ்க் வலி படுத்தால் பெரும்பாலும் குறையும், எனக்கோ கூடியது. கடைசியில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தபோது, முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்பு வேரில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. ஷ்வானோமா. நரம்பைச் சுற்றியுள்ள உறை செல்களில் வளர்வது, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. எக்ஸ்ரேயில் இது பிடிபடாது.

கட்டி இருந்தது இடுப்புக்குச் சற்று மேலே, வலித்தது குதிகால். காலுக்குப் போகும் வேர்கள் எல்லாம் குதிரைவால் மாதிரி கொத்தாக அந்த வழியேதான் இறங்குகின்றனவாம். எது நசுங்குகிறதோ அதன் ஊரில் வலி!

கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் கட்டியை எடுத்துக் காட்டும் மருந்து) போட்டு எடுத்த படத்தில் கட்டி பளிச்சென்று தெரிந்தது. ஊசிக்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள். முதுகெலும்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் எடுத்து, தண்டுவடத்தையும் வேர்களையும் மூடியிருக்கும் உறையைத் திறந்து, மைக்ராஸ்கோப் வைத்துக் கட்டியை எடுத்தார்கள். மூன்றாம் நாள் மல்லாந்து படுத்துத் தூங்கினேன். பாதத்தின் வெளி ஓரத்தில் மட்டும் இன்னும் மரத்த மாதிரி இருக்கிறது, செருப்பு கழன்றாலும் தெரியாது.

பிசியோ_அக்கா:
ராத்திரி வலி எல்லாம் கட்டி என்று பயந்துவிடாதீர்கள் தம்பி. டிஸ்க்தான் மிக அதிகம், இது அபூர்வம். ஆனால் எட்டு மாதம் எக்ஸ்ரேயோடு நின்றது சரியில்லை. நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

லாரிக்காரன்_ஈரோடு:
அதெல்லாம் இல்லை அக்கா. வியாழக்கிழமை ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அரை மணி நேரம் அசையாமல் படுக்கணுமாம். படுத்தால்தானே வலியே!

நாற்காலித்_தூக்கம்:
முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அண்ணா. எனக்கு டாக்டர் வலி மாத்திரை கொடுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தார்கள். அப்படியும் பாதியில் ஒருமுறை மணியை அமுக்கினேன், திட்டவில்லை.