வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு வந்த கடிதம்

"மேனேஜர் கத்துகிறார், நாளைக்கே ராஜினாமாவை மூஞ்சியில் வீசிவிட்டுப் போகட்டுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நானும் அப்படி வீசத்தான் போனேன்.

கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் ஒரு கம்பெனி, கணக்குப் பிரிவு, 6 வருடம். புது மேனேஜர் இரவு 11 மணிக்குப் போனில் ஒன்று சொல்வார். மறுநாள் கூட்டத்தில், "நான் எப்போ சொன்னேன்?" என்பார். ஒரு வெள்ளிக்கிழமை 5.45க்கு, அவர் சொல்லி நான் பாஸ் செய்த பில்லுக்காக, விளக்கம் கேட்டு எனக்கே ஷோ காஸ் கடிதம்.

கைநடுக்கத்தோடு ராஜினாமா எழுத உட்கார்ந்தேன். பக்கத்து மேசை அக்கா என்னைக் கீழே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். "முதல்ல ஒரு தே தாரே டீ குடி. கடிதத்துல 'பெற்றுக்கொண்டேன்'னு எழுதி, தேதி போட்டு, சைன் பண்ணு. 'ஒப்புக்கொள்கிறேன்'னு மட்டும் எழுதிடாத."

அன்றிலிருந்து மேனேஜர் போனில் எதைச் சொன்னாலும், "நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன்" என்று உடனே ஓர் ஈமெயில் போட்டுவிடுவேன். இரண்டே வாரத்தில் இரவு போன் நின்றுபோனது! சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எல்லாவற்றுக்கும் வீட்டில் நகல் வைத்தேன். வாடிக்கையாளர் ஃபைல்களை மட்டும் தொடவில்லை. அதை எடுத்தால் நம்மை வெளியே அனுப்ப நாமே காரணம் கொடுத்த மாதிரி.

இவ்வளவு செய்தும் போகத்தான் வேண்டும் என்று தெரிந்தது பத்துமலையில். தைப்பூசம், பொது விடுமுறை. 272 படியில் பாதி ஏறியிருப்போம், போன் அடித்தது. மேனேஜர். எடுத்தேன். முன்னால் பால்குடத்தோடு போன அம்மா திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறு வாரமே ராஜினாமா கடிதம் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் இருந்த 2 மாத நோட்டீஸை முழுதாக முடித்தேன். (ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால், 5 வருடம் தாண்டியவருக்கு மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி 8 வாரம்.) அடுத்த வேலை கிடைக்க 3 மாதம் ஆனது. கையில் கொஞ்சம் பணம் இருந்ததால் தப்பித்தேன்.

—

பினாங்கிலிருந்து இன்னொருவர்:

அக்கா சொன்னதற்கு நேர்மாறு நான். பாயான் லெபாஸ் தொழிற்சாலை அலுவலகத்தில் "ராஜினாமா செய், இல்லாவிட்டால் நீக்குவோம்" என்றார்கள். ரோஷத்தில் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டேன், "சொந்தக் காரணம்" என்று வேறு. சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலையிழந்தோருக்கான உதவித்தொகை கேட்டேன். தானாக விலகியவருக்குக் கிடையாது என்றார்கள். மிரட்டித்தான் எழுத வைத்தார்கள் என்று தொழில் உறவுத் துறையில் புகார் செய்யலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அதற்கு 60 நாள் கெடு இருக்கிறது.

நான் போய் நின்றது 68ஆவது நாள்.